ஒரு சால் அகலம்

பேருந்து திரும்பிப் போன சத்தம் அடங்கிய பிறகுதான் ஹெட்விக் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை. நவம்பர் மூடுபனி மேடு எது பள்ளம் எது என்று தெரியாதபடி எல்லாவற்றையும் மூடிக் கிடந்தது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. ஆனால் வெளிச்சம் அதற்குள் பழந்துணி போல நைந்துவிட்டிருந்தது.

இறங்கும்போது ஓட்டுநர் கேட்டிருந்தான். "கூட்டிட்டுப் போக ஆள் வரலியாம்மா?"

"நாளைக்குத்தான் வருவேன்னு வீட்ல நினைச்சிட்டிருப்பாங்க. ஆஸ்பத்திரியில ஒரு நாள் முன்னாடியே விட்டுட்டாங்க."

"பயப்படாமப் போங்க. உங்க ஊர்ல இப்ப ரோட்டை நேரா போட்டுட்டாங்க. தூங்கிக்கிட்டே நடந்தாக்கூட வீட்டு வாசல்ல கொண்டுபோய் விட்டுடும்."

நெஞ்சுநோய் மருத்துவமனையில் ஒன்றரை வருஷம் கிடந்துவிட்டுத் திரும்புகிறாள். ஹிண்டர்ஷைட் அவள் பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊரும் அதுதான். கண்ணைக் கட்டி விட்டாலும் போய்ச் சேர்ந்துவிடுவாள். பள்ளத்துப் பாதை, முள்வேலி, ஊற்று, வாத்துக்குட்டை திருப்பம், அப்புறம் தேவாலயக் கோபுரம்.

பள்ளத்துப் பாதையைக் காணோம். கறுப்புத் தார் ரோடு ஒன்று அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி பனிக்குள் போனது. கால் பழக்கத்தில் திருப்பத்தை எதிர்பார்த்துத் தடுமாறியது. திருப்பமும் இல்லை. ஊற்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிமென்ட் குழாயின் வாய் மட்டும் தெரிந்தது.

ஹிண்டர்ஷைட் நிலம் கைக்குட்டை கைக்குட்டையாகக் கிழிந்து கிடந்த நிலம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சட்டப்படி எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு. அப்பன் செத்தால் வயல் நாலாகும், அவர்கள் செத்தால் அந்த நாலும் பதினாறாகும். கடைசியில் மாட்டைத் திருப்பக்கூட இடமில்லாத துண்டுகள். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் இருந்தது. பட்டினிப்பட்டை, மணப்பெண் துண்டு, பாதிரியின் முழங்கை. ஒவ்வொரு மூலையிலும் ஓர் எல்லைக்கல் இருந்தது. அவள் படுக்கையில் கிடந்த காலத்தில் அரசாங்க ஆட்கள் வந்து எல்லாவற்றையும் அளந்து, சேர்த்து, ஆளுக்கு ஒரே துண்டாகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஊர்க் கமிட்டியில் முன்னால் நின்றவன் அவளுடைய கணவன் லாம்பெர்ட்தான். பார்க்க வரும்போதெல்லாம் அதையேதான் பேசினான்.

பாதி தூரம் வந்திருப்பாள். உழுத மண்ணின் வாசனை வந்தது.

இப்படிப்பட்ட பனியில் யாரும் உழுவதில்லை.

அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. ஹிண்டர்ஷைட் பிள்ளைகள் ஜெபத்தோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளும் விஷயம் அது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பஞ்ச காலத்தில் நிக்லாஸ் என்கிற குடியானவன் பக்கத்து விதவையின் எல்லைக்கல்லைப் பெயர்த்து, ஓர் உழவுச் சால் அகலம் தள்ளி நட்டான். மறு வருஷம் இன்னொரு சால். விதவையின் பிள்ளை பசியில் போனது. நிக்லாஸும் போனான், ஆனால் போய்ச் சேரவில்லை. பனி இறங்கும் சாயங்காலங்களில் சிலுவை வெட்டிய அந்தக் கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிவான். எதிர்ப்பட்டவர்களிடம் எங்கே வைக்கட்டும் என்று கேட்பான். பதில் ஒன்றுதான். சொன்னதும் போய்விடுவான். காலையில் வயல் சரிவில் கல் தன் இடத்தில் நிற்கும்.

ரோட்டின் குறுக்கே ஒரு குட்டையான உருவம் வந்து நின்றது. கழுத்து கல்லின் பாரத்தில் மடிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. அது எப்போதுமே தெரியாது.

"எங்க வைக்கட்டும்?"

வழியில் பழகிய பிச்சைக்காரனுக்குச் சில்லறை போடுவது போல ஹெட்விக் சொன்னாள். "எடுத்த எடத்துலயே வை, நிக்லாஸ்."

அவன் திரும்பிப் போவதற்காகக் காத்திருந்தாள்.

அவன் போகவில்லை.

"அது எங்க இருக்கு?" என்றான்.

அவள் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

*

"அட, ஹெடி! நாளைக்குத்தானே வரணும் நீ!" லாம்பெர்ட் உருளைக்கிழங்கு சூப் கிண்டிய கரண்டியோடு வந்து அவளை அப்படியே தூக்கிக்கொண்டான். "கோழிக்குஞ்சு மாதிரி ஆயிட்டியேடி. அங்க சோறு போட்டாங்களா, காத்தைக் குடிக்கச் சொன்னாங்களா?"

மூச்சு வாங்கி முடித்ததும் அவள் சொன்னாள். "நிக்லாஸைப் பாத்தேன்."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"பதில் சொன்னேன், லாம்பெர்ட். போகல. எங்க இருக்குன்னு கேக்கறான்."

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் கேக்கறானாம்." ரொட்டியை மார்போடு அணைத்துப் பிடித்து அறுத்தான். தேவைக்கு அதிகமாகவே அறுத்தான். "விடு. நாலு நாள் கேப்பான். அப்புறம் பனி விலகிடும்."

"அந்தக் கல் எங்க?"

"கல்லுன்னா கல்லு. ஊர்ல இருந்த எல்லைக்கல் எல்லாத்தையும் டிராக்டர்ல அள்ளிட்டு வந்து நம்ம புதுக் கொட்டகைக்கு அடித்தளம் போட்டேன். அதுவும் அதுல ஒண்ணு."

"சிலுவை வெட்டினதையுமா?"

"ஹெடி, அந்தச் சரிவு முழுக்க இப்ப நம்மளோடது. ஒரே துண்டு. டிராக்டர் ஒரு தடவை கிளம்புச்சுன்னா காட்டோரம் போய்த்தான் திரும்பும். எங்க அப்பா அதைப் பாக்கக் குடுத்துவைக்கல. இதுல போய் ஒரு கல்லுக்காக அழறியே!"

சூப்பைக் குடித்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கொட்டகையைக் காட்டினான். மின்விளக்கு வரிசை, நடுவே நீண்ட நடைபாதை, இரண்டு பக்கமும் அசைபோடும் மாடுகள். கடைக்கோடி மூலையில் தரை சிமென்ட் வழவழவென்று இருந்தது. "இதுக்குக் கீழதான் இருக்கு உன் சிலுவைக் கல்லு" என்று சொல்லிக் குதிகாலால் ஓங்கித் தட்டினான்.

தரை வெற்றுப் பீப்பாய் போல ஒலித்தது.

லாம்பெர்ட் மறுபடி தட்டவில்லை.

*

மறுநாள் காலை எதிர்வீட்டு ஃபீனி பிளம் ஜாம் பாட்டிலோடு வந்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். உட்கார்ந்து மூச்சுவிடுவதற்குள் ஊர்க்கதை முழுவதும் சொல்லிவிடுகிறவள், அன்றைக்குச் சுற்றி வளைத்தாள்.

"கடைசி வீட்டு மத்தேஸ் செத்தது உனக்குத் தெரியும்ல?"

"வயசாகிப் போயிட்டார்னு லாம்பெர்ட் சொன்னான்."

"வயசா? நல்லாச் சொன்னான் உன் புருஷன்." ஃபீனி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "போன குளிர்காலத்துல இருந்து நிக்லாஸ் ஊருக்குள்ள வர ஆரம்பிச்சுட்டான். முதல்ல மேட்டோட நின்னான். அப்புறம் ரோட்டுக்கு வந்தான். அப்புறம் கடைசி வீடு, மத்தேஸோட வீடு. ஒரு சாயங்காலம் கதவுகிட்ட நின்னு கேட்டிருக்கான். மத்தேஸ் குடிச்சிருந்தான். 'எனக்கென்ன வந்துச்சு, எங்க வேணாலும் வச்சுத் தொலை'ன்னு கத்தினது தெருவுக்கே கேட்டுச்சு."

"அப்புறம்?"

"காலையில நாங்க போய்ப் பாத்தோம். சமையலறை நடுவுல கல் நிக்குது. ஒரு ஓடுகூட உடையல, தரையில இருந்து முளைச்ச மாதிரி நிக்குது. கதவு இந்தப் பக்கம். மத்தேஸ் அந்தப் பக்கம், அடுப்போரம் உக்காந்தபடியே செத்துக் கிடக்கான். ஜன்னல் வெயில் கல்லு வரைக்கும் வந்து நின்னுடுச்சு, ஹெடி. அதுக்கு மேல போகல. பகல்லயே அந்தப் பாதி இருட்டு." ஃபீனி கையைப் பிசைந்தாள். "அந்தப் பக்கம் நிக்லாஸோடது. புரியுதா? கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கறது எல்லாம் செத்தவங்களோடது."

"லாம்பெர்ட் பாத்தானா?"

"முதல் ஆளாப் பாத்தவனே அவன்தான். நாங்க கயிறு கொண்டுவரப் போய்த் திரும்பறதுக்குள்ள கல்லைக் காணோம். வெயில் உள்ள வந்துடுச்சு. மத்தேஸை எடுத்துப் புதைச்சோம். அன்னியில இருந்து அதைப்பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கறதில்ல."

ஃபீனி போனதும் ஹெட்விக் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு சரிவுக்குப் போனாள். அவன் கேட்பது நியாயமான கேள்விதானே என்று தோன்றியது. இடத்தைக் காட்டிவிட்டால் வைத்துவிட்டுப் போவான். சின்ன வயதில் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து வாத்து மேய்த்தவள் அவள். அங்கிருந்து பார்த்தால் தேவாலயக் கோபுரம் முள்மரத்தின் வலது தோளில் ஏறி நிற்கும். காலடியில் ஊற்றின் சத்தம் கேட்கும்.

முள்மரம் இல்லை. ஊற்று குழாய்க்குள் போயிருந்தது. மேட்டையே இயந்திரத்தால் சீவி, பள்ளத்தில் தள்ளி, சமமாக்கியிருந்தார்கள். அவள் கோபுரத்தைப் பார்த்தபடி முன்னும் பின்னும் நடந்தாள். இங்கே என்று நினைத்து நின்றால் பத்து எட்டு தள்ளியும் அதே மாதிரி இருந்தது. எல்லா இடமும் ஒரே இடமாக இருந்தது. மணப்பெண் துண்டு எங்கே முடிந்தது, பட்டினிப்பட்டை எங்கே தொடங்கியது, எதுவும் தெரியவில்லை.

இருமல் வந்தது. அவள் குனிந்து இருமி நிமிர்ந்தபோது கோபுரத்தையும் காணோம். பனி மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.

*

சாயங்காலப் பால் கறவைக்கு ஹெட்விக்கும் போனாள். லாம்பெர்ட் வேண்டாம் என்றான். அவள்தான் கேட்கவில்லை. அவன் கதவோரத்து மாட்டிடம் உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளே, கடைக்கோடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்த மூலையை உடைச்சுடலாம், லாம்பெர்ட். கல்லை எடுத்துச் சரிவுலயே எங்கயாச்சும் நட்டுடலாம்."

"புதுத் தரையை உடைக்கணுமா? உனக்கு என்ன, காய்ச்சல் இன்னும் விடலியா?"

"அங்க கீழ கல் இல்லன்னு உனக்கே தெரியும். நேத்து தட்டினப்போ உன் மூஞ்சியைப் பாத்தேன்."

அவன் குனிந்து கறந்துகொண்டே இருந்தான். பால் வாளியில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

மாடுகள் அசைபோடுவதை நிறுத்தியிருந்தன.

எல்லா மாடுகளும் ஒரே நேரத்தில்.

திறந்திருந்த கதவு வழியாகப் பனி தரையோடு தரையாக உள்ளே வந்தது. உழுத மண்ணின் வாசனை வைக்கோல் வாசனையை அழுத்தித் தள்ளியது.

"எங்க வைக்கட்டும்?"

"பேசாத, லாம்பெர்ட்" என்று ஹெட்விக் கிசுகிசுத்தாள். "வாயைத் திறக்காத."

அவன் எழுந்து நின்றான். பயந்தால் கோபம் வருகிற ஆள் அவன். அவளுக்கு அது தெரியும். கழுத்து நரம்பு புடைப்பதை அங்கிருந்தே பார்த்தாள்.

"எங்கன்னா கேக்கற? கேளு! இங்க இருந்து காடு வரைக்கும் என் நிலம். எல்லையே கிடையாது. கல்லுக்கு இங்க வேலை இல்ல. எங்க வேணாலும் போட்டுட்டு ஓடு!"

அந்தக் குட்டை உருவம் உள்ளே வந்தது. நடைபாதையில் மெதுவாக, ஒவ்வொரு மாட்டையும் கடந்து நடந்தது. லாம்பெர்ட்டைக் கடந்தது. பாதி தூரத்தில் நின்று, குனிந்து, கல்லை இறக்கியது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. சவப்பெட்டியின் மேல் முதல் மண் விழுகிற மாதிரி ஒரு சத்தம்.

விளக்கு வரிசையில் ஹெட்விக்கின் பக்கத்து விளக்குகள் அணையவில்லை. எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அவற்றின் வெளிச்சம் கீழே விழவில்லை.

குளிர் அவள் கால்வழியாக ஏறியது. வாளியில் இருந்த தண்ணீரின் வாசனை போனது, மாட்டின் வாசனை போனது. லாம்பெர்ட் வாயைத் திறந்து கத்துவது தெரிந்தது. குரல் பள்ளத்தாக்கின் மறு கரையிலிருந்து வருவது போலக் கேட்டது. அவள் நடக்கப் பார்த்தாள். கல் வரைக்கும் வர முடிந்தது. அதைத் தாண்ட முடியவில்லை. லாம்பெர்ட் கையை நீட்டினான், அவள் பிடித்தாள். பிடித்த கை ஈரச் சோப்புப் போல வழுக்கிப் போனது.

அவளுக்குப் பின்னால் யாரோ நின்றார்கள்.

ஒருவர் இல்லை, நிறையப் பேர். மூச்சு விடாமல், நெருக்கியடித்துக்கொண்டு, பொறுமையாக நின்றார்கள். குழந்தை ஒன்றின் சின்ன விரல்கள் அவளுடைய கோட்டு நுனியைப் பிடித்தன.

"லாம்பெர்ட்!"

அவன் அவளைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். பிறகு முட்டிபோட்டுக் கல்லை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தான்.

"வேணாம்! அதைத் தொடாத! நகர்த்தினா நிக்லாஸ் மாதிரி உன்மேல ஏறிடும்!"

"ஒரு சால் அகலம், ஹெடி." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "ஒரே ஒரு சால். நீ இந்தப் பக்கம் வந்துடுவ."

கல் அசைந்தது. அவன் கழுத்து சிவந்தது. கல்லைத் தரையிலிருந்து பெயர்த்து, அவளைத் தாண்டிச் சுமந்துபோய், அவளுடைய முதுகுக்குப் பின்னால் ஓர் உழவுச் சால் தள்ளி வைத்தான்.

வெளிச்சம் மழை மாதிரி அவள் தலைமேல் விழுந்தது. மாடுகள் ஒரேயடியாகக் கத்தின. கோட்டு நுனியைப் பிடித்திருந்த விரல்கள் விட்டுவிட்டன.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

குட்டை உருவம் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. இருநூறு வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாக நிமிர்ந்தது. சாதாரண முகம். களைத்துப்போன குடியானவன் முகம். அவளைப் பார்த்து மரியாதைக்குத் தொப்பியைத் தொட்டுவிட்டு இல்லாமல் போனான்.

கல் லாம்பெர்ட்டின் தோளில் இருந்தது.

"வச்சேனே" என்றான் அவன். "நான் கீழ வச்சேனே, நீ பாத்தல்ல? ஹெடி, கை வர மாட்டேங்குது."

அவள் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். கல்லில் அவள் விரல் பட்டபோது அங்கே எதுவும் இல்லாத மாதிரி இருந்தது. ஆனால் அவனுடைய கழுத்து அதன் பாரத்தில் மடிந்துகொண்டே வந்தது. முகம் மறைந்தது. அவன் கதவை நோக்கி நடந்தான். நடக்க அவனுக்கு விருப்பமில்லை என்பது அவன் கால்கள் இழுபட்ட விதத்தில் தெரிந்தது. பனி அவனை வாங்கிக்கொண்டது.

*

போலீஸ் வந்தது. கல்குவாரியில் தேடினார்கள், காட்டில் நாய் விட்டுத் தேடினார்கள். பனியில் வழி தவறிப் போயிருப்பான் என்று முடித்தார்கள். ஹெட்விக் மறுக்கவில்லை. எல்லைக்கல்லை நகர்த்தினான் என்று ஹிண்டர்ஷைட்டில் ஒருவனைப் பற்றிச் சொல்வதைவிட அவன் செத்துப்போனான் என்று சொல்வது மேல்.

அடுத்த நவம்பரில் ஃபீனி முகம் வெளுத்து வந்து நின்றாள்.

"ரோட்ல எதிர்ல வந்தான். ஹெடி, அது நிக்லாஸ் இல்ல. நெட்டையான ஆளு. நான் பழக்கத்துல சொல்லிட்டேன், எடுத்த எடத்துலயே வைன்னு. தலையை ஆட்டினான்."

"சரின்னா?"

"மாட்டேன்னு."

ஹெட்விக் அன்றைக்கு முழுவதும் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். எடுத்த இடம் எது என்று அவளுக்குத் தெரியும். இந்த ஒரு கல்லின் இடம் எந்த இயந்திரத்தாலும் அழிக்க முடியாத இடம். கொட்டகை நடைபாதையில், அவள் முன்பு நின்ற இடத்துக்குக் கதவுப் பக்கமாக அது இருந்தது. அங்கே வைத்தால் அவன் நிமிர்ந்துவிடுவான். அவள் அந்தப் பக்கம் போய்விடுவாள்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் உழுத மண் வாசனை வந்தது.

"எங்க வைக்கட்டும்?"

லாம்பெர்ட்டின் குரல்தான். தொண்டையில் மண் விழுந்த குரல்.

அவள் கதவைத் திறந்தாள். ஒரு வருஷத்தில் அவன் பாதியாக மடிந்திருந்தான். தோளில் சட்டை கிழிந்து, கல் தொட்ட இடத்தில் தோல் கறுத்திருந்தது. மூச்சுவிடும் சத்தம் தாங்க முடியாததாக இருந்தது. அவள் இருமலை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"எடுத்த எடத்துலயே வை, லாம்பெர்ட். போதும். எனக்கு எப்படியும் ரொம்ப நாள் இல்ல. வச்சுட்டுப் போ."

அவனுடைய மடிந்த கழுத்து இடமும் வலமும் அசைந்தது.

"அந்த எடத்தைத் தவிர வேற எடம் சொல்லு, ஹெடி" என்றான்.

சொல்லிவிட்டு நடந்துபோனான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் அவன் கேட்டான், அவள் சொன்னாள், அவன் மறுத்தான். அவளுடைய நெஞ்சு எல்லா வைத்தியர்களையும் ஏமாற்றிவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஊரை விட்டுப் போய்விடு என்று ஃபீனி கெஞ்சிப் பார்த்தாள். அவனை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

போன வருஷம் காலடிச் சத்தம் கேட்கவில்லை. தார் ரோட்டில் கல் உரசும் சத்தம்தான் கேட்டது. தூக்க முடியாமல் இழுக்கத் தொடங்கியிருந்தான். ரோட்டில் விழுந்த நீளமான கீறலைப் பார்த்து, யாரோ கலப்பையைத் தூக்காமல் ஓட்டியிருக்கிறார்கள் என்று ரோட்டு ஆட்கள் திட்டிவிட்டுப் போனார்கள்.

இந்த வருஷம் பனி முதல்முதலாக இறங்கிய சாயங்காலம் அவள் விளக்கேற்றிக் காத்திருந்தாள். அவன் வரவில்லை. கேள்வியும் வரவில்லை. அவள் கதவைத் தாழ்போட்டுவிட்டுப் படுத்தாள்.

காலையில் கண் விழித்தபோது அறை முழுவதும் உழுத மண்ணின் வாசனை.

தாழ் போட்டபடியே இருந்தது. கதவின் அடியிலிருந்து ஈரக் களிமண் தடம் ஒன்று, ஒரு சால் அகலத்துக்கு, மரத் தரையில் ஒரு கீறலும் இல்லாமல் நேராக வந்திருந்தது. அது அலமாரியைக் கடந்து, நாற்காலியைக் கடந்து, கட்டிலுக்கு வந்து, லாம்பெர்ட் படுக்கிற பக்கத்தில் முடிந்தது.

அந்தப் பக்கத்துத் தலையணையில் பள்ளம் விழுந்திருந்தது. தோளில் கல்லோடு ஓர் ஆள் படுத்தது போல மெத்தை நடுவில் தாழ்ந்து, கட்டிலின் மரச்சட்டம் வளைந்திருந்தது. அங்கே யாரும் இல்லை.

ஹெட்விக் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமானது.